காதோரம் அணையாத திரை

அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தாள். பரிசோதனை முடிவு வந்திருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் என் குரல் அவளுக்குப் போகவில்லை. "கேக்குதா? லைன்ல இருக்கியா? ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குற?" என்று அவள் குரல் உயர்ந்தது. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். திரை முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. என் கன்னம் பட்டு மியூட் பொத்தான் அழுந்தியிருந்தது. அவசரமாக அதை எடுத்துவிட்டு, "இங்கதான்க்கா இருக்கேன்" என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்படியொரு நேரத்தில் எதிர்முனை சத்தமில்லாமல் போனால் மனசு என்னவெல்லாம் நினைக்கும்!

போன் வாங்கி அன்றைக்கு 9 நாள்.

அந்தக் கம்பெனி போனை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். அதற்குக் காரணம் இருந்தது. அதே கம்பெனியின் பழைய போனை 6 வருடம் வைத்திருந்தேன். மாடிப்படியில் உருண்டிருக்கிறது, மழையில் நனைந்திருக்கிறது, ஒரு மூலையில் கண்ணாடி கீறியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் யார் போன் வாங்கப்போனாலும் அந்தப் பேரைத்தான் சொல்வேன். என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொன்னதில்லை. பிறகு பழைய போனில் மதியத்துக்குள் பேட்டரி தீர்ந்துபோக ஆரம்பித்தது. சார்ஜர் பின் நிற்காமல் லூஸாக ஆடியது. சரி, அதன் காலம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்து, வேறு எந்தக் கம்பெனியையும் பார்க்காமல், அதே பேரில் புதிதாக வந்திருந்த ஒரு மாடலை எடுத்தேன். பின்னால் இருந்த விவரப் பட்டியலைப் படிக்கக்கூட இல்லை. நமக்குத் தெரிந்த கம்பெனிதானே என்ற எண்ணம்.

முதல் நாளே ஒரு சின்ன உறுத்தல். போனை எடுத்தால் பூட்டுத் திரையில் ஏதோ ஒரு விளம்பரப் படம். நான் கேட்காமலே ஏழெட்டு விளையாட்டுகள், ஒரு கடன் ஆப், இரண்டு ஷாப்பிங் ஆப். பழைய போனில் இப்படி ஒன்றுகூட இருந்ததில்லை. கொஞ்சம் மனசு கசந்தது. ஆனாலும் இந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுதான் பிறகு எனக்கு வினையாகப் போனது. பேசும்போது திரை அணையாததை இரண்டாம் நாளே கவனித்திருந்தேன். கை தவறிப் பட்டிருக்கும், பழகினால் சரியாகும் என்று விட்டுவிட்டேன். திருப்பித் தருவதற்கு இருந்த நாட்கள் அப்படியே கழிந்தன. அக்கா அழுத அந்த நாளில் கணக்குப் பார்த்தபோது கெடு தாண்டி 2 நாள் ஆகியிருந்தது.

முதலில் கண்ணாடி மேல் ஒட்டியிருந்த டெம்பர்டு கிளாஸைச் சந்தேகப்பட்டேன். மலிவான கிளாஸ் சென்சாரை மறைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நகத்தால் மூலையைக் கிளப்பி, மெதுவாக உரித்து எடுத்தேன். விளிம்பில் கோடுபோல் பசை மட்டும் நின்றது. அதையும் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஒரு கால் செய்தேன். காதில் வைத்தால் திரை ஒருமுறை அணைந்தது, அடுத்த நொடி எரிந்தது, மறுபடி அணைந்தது. கண்ணாடிமேல் தப்பில்லை என்று தெரிந்தது.

பேசும்போது திரையை அணைக்கிற வேலையைச் செய்வது பிராக்சிமிட்டி சென்சார். பழைய போன்களில் காது வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பொட்டு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சின்ன விளக்கு ஒன்றும், அந்த ஒளி கன்னத்தில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிற உணரி ஒன்றும் இருக்கும். ஒளி திரும்பி வந்தால் முகம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், திரையை அணைத்துவிடும். அவ்வளவு எளிமையான ஏற்பாடு. சில புதிய போன்களில் இந்த உறுப்பையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, காது ஸ்பீக்கரிலிருந்து மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அதன் எதிரொலியை மைக் வழியாக வாங்கி, போனின் சாய்வையும் சேர்த்து மென்பொருள் கணக்குப் போடுகிறது. முகம் பக்கத்தில் இருக்கிறதா என்று ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருக்கும்போது நமக்கு வித்தியாசம் தெரியாது. படுத்துக்கொண்டு பேசும்போது, நடந்துகொண்டு பேசும்போது, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசும்போது என் போனில் அந்த ஊகம் தவறிக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் சர்வீஸ் சென்டரில் இருந்த ஒரு டெக்னீஷியன். ஆனால் அது மூன்றாவது முறை போனபோதுதான். முதல் முறை போனபோது கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்து, "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணா சரியாயிடும்" என்று சொல்லி, பண்ணியும் கொடுத்தார். சரியாகவில்லை. இரண்டாம் முறை முழுக்க அழித்து ரீசெட் செய்ய வேண்டும் என்றார்கள். படங்களையும் தொலைபேசி எண்களையும் பத்திரப்படுத்திவிட்டுத்தான் கொடுத்தேன். ஆனால் கணக்குகளுக்குள் நுழைய ஆறு இலக்க எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்பை மறந்துவிட்டேன். அதை வேறு போனுக்கு மாற்றாமல் ரீசெட் செய்தது பெரிய தவறு. ஒவ்வொரு கணக்காக மறுபடி நுழைவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. போனை யாரிடம் கொடுப்பதானாலும் முதலில் அந்த ஆப்பை மாற்றிவிடுங்கள், அல்லது கணக்கு தொடங்கும்போது தரும் மீட்பு எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

ரீசெட் செய்தும் திரை அணையவில்லை. மூன்றாம் முறை போனபோது கையில் ஒரு வீடியோ இருந்தது. பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து, புதிய போனைக் காதில் வைத்துப் பேசுகிற என்னையே படம் எடுத்திருந்தேன். திரை எரிந்து எரிந்து அணைவது என் கன்னத்தில் வெளிச்சமாக விழுவது அதில் நன்றாகத் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு உள்ளே இருந்து அந்த டெக்னீஷியன் வந்தார். சின்ன வயசுதான். தணிந்த குரலில், "இந்த மாடல்ல அந்த சென்சார் தனியா கிடையாதுங்க. சாஃப்ட்வேர்தான் பாத்துக்குது. மாத்துறதுக்கு இதுல பார்ட்டே இல்ல" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்.

அங்கே நான் செய்த இன்னொரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு முறையும், போனை வாங்கிக்கொண்டு அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பிறகு கம்பெனிக்கு எழுதி மாற்றுப் போன் கேட்டபோது, இந்தக் குறை முன்பு பதிவாகவே இல்லை என்று பதில் வந்தது. மூன்று முறை அலைந்ததற்குச் சாட்சியே இல்லாமல் போனது. ஆகவே ஜாப் ஷீட்டில் நம் குறையை நம் வார்த்தையிலேயே எழுதச் சொல்ல வேண்டும். 'பேசும்போது திரை அணைவதில்லை' என்று அதில் இருக்க வேண்டும், தேதி இருக்க வேண்டும், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. இருக்க வேண்டும். *#06# அழுத்தினால் அந்த எண் திரையில் வரும், சரிபார்த்துக்கொள்ளலாம். ஷீட்டை அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

கம்பெனியின் கடைசிப் பதில், இந்த மாடல் இயங்கும் விதமே இதுதான், எனவே இது பழுது அல்ல என்பது. அதைப் படித்தபோது ஏற்பட்ட வருத்தம் பணம் போனதால் வந்தது இல்லை. எத்தனை பேருக்கு இந்தப் பேரைச் சிபாரிசு செய்திருக்கிறேன் என்று ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள்.

அன்றிரவு உட்கார்ந்து, வாங்கும்போது படிக்காத விவரப் பட்டியலை வரிவரியாகப் படித்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 8 ஜிபி ராம் என்று போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் 4 + 4. ராம் என்பது திறந்திருக்கும் ஆப்கள் ஓடுகிற வேகமான நினைவகம். அதில் உண்மையானது 4 ஜிபிதான். மற்ற 4 ஜிபி, படங்களும் ஆப்களும் இருக்கும் சேமிப்பிலிருந்து கடன் வாங்கிய இடம். சேமிப்பின் வேகம் ராமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தச் சேமிப்பும் ஈ.எம்.எம்.சி. என்ற பழைய வகை. இதில் ஒரு நேரத்தில் படிக்கலாம் அல்லது எழுதலாம், இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. அதைவிட வேகமான யூ.எஃப்.எஸ். வகையில் இரண்டும் ஒன்றாக நடக்கும். பின்னணியில் ஆப்கள் அப்டேட் ஆகும்போதெல்லாம் விசைப்பலகை உறைந்து, நான் தட்டிய எழுத்துகள் மூன்று நொடி கழித்து மொத்தமாக வந்து விழுந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. 6 வருடப் பழைய போனில் இருந்தது யூ.எஃப்.எஸ். என்று பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

கேமரா பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பின்னால் மூன்று வட்டம். ஒன்றுதான் உண்மையான கேமரா. இன்னொன்று 2 மெகாபிக்சல், பேருக்கு இருக்கிறது. மூன்றாவது ஃபிளாஷ். 50 மெகாபிக்சல் என்பதும் சாதாரணமாக எடுக்கும்போது நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் வரும். அதில் குற்றம் ஒன்றுமில்லை, விலை உயர்ந்த போன்களும் அப்படித்தான் செய்கின்றன. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஓ.ஐ.எஸ். பழைய போனில் இருந்தது, இதில் இல்லை. சாயங்கால வெளிச்சத்தில் ஓடுகிற குழந்தையைப் படம் எடுத்தால் அந்த வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

அப்டேட் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2 வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த 2 வருடம் நான் வாங்கிய நாளிலிருந்து இல்லை, மாடல் வெளியான நாளிலிருந்து. நான் வாங்கியபோதே 10 மாதம் ஓடியிருந்தது. கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 போனுக்கு 7 வருட அப்டேட் அறிவித்தது, 2024 ஜனவரியில் சாம்சங்கும் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு அதே 7 வருடத்தைச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதி, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 5 வருடம் அப்டேட் கிடைக்க வேண்டும் என்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். எந்த போனாக இருந்தாலும் எந்த மாதம், எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்று தேதியாகக் கேளுங்கள். எத்தனை வருடம் என்ற கேள்விக்கு வரும் பதிலில் ஏமாற இடம் இருக்கிறது.

பேர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றாக இருக்கும் என்று நான் நம்பியதற்கு அடிப்படையே இல்லை என்பதும் அதன் பிறகுதான் புரிந்தது. எல்லாருக்கும் தெரிந்த பேர்களையே பாருங்கள். நோக்கியா தன் போன் தொழிலை 2014-இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றது. 2017-இல் அதே பேரில் வந்த ஆண்ட்ராய்டு போன்களைச் செய்தது, பேரை உரிமம் பெற்றிருந்த எச்.எம்.டி. என்ற வேறு கம்பெனி. மோட்டோரோலா போன் பிரிவு 2012-இல் கூகுளிடம் போய், 2014-இல் லெனோவோவிடம் வந்தது. பிளாக்பெரி தானே போன் வடிவமைப்பதை 2016-இல் நிறுத்தியது, பிறகு சில வருடம் டி.சி.எல். அந்தப் பேரில் விற்றது. அந்தப் போன்கள் நல்லவையா இல்லையா என்பது வேறு பேச்சு. ஒரே பேருக்குப் பின்னால் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பது எனக்கு உறைத்தது. கை மாறாத கம்பெனியிலும், மேல்வரிசை மாடலைத் தாங்களே வடிவமைத்து, கீழ்வரிசை மாடலை வெளியே ஒப்பந்தத்துக்குக் கொடுப்பது உண்டு. என் பழைய போன் அந்தக் கம்பெனியின் மேல்வரிசை. புதியது கீழ்வரிசை. இரண்டுக்கும் ஒரே முத்திரை.

இரண்டு மாதம் கழித்து, கூட வேலை செய்யும் ஒருவர் போன் வாங்க வேண்டும், நீங்கள் கூட வாருங்கள் என்றார். என்னையா கூப்பிடுகிறீர்கள் என்று தயங்கினேன், ஆனாலும் போனேன். அவர் எடுத்த போனில் அவருடைய சிம்மையே போடச் சொல்லி எனக்கு ஒரு கால் செய்யச் சொன்னேன். பேசிக்கொண்டே போனின் மேல்பகுதிக்கு அருகில் உள்ளங்கையைத் தொடாமல் கொண்டுபோனோம். திரை உடனே அணைந்தது. கையை எடுத்ததும் எரிந்தது. நான்கைந்து தடவை செய்தோம், சாய்த்துப் பிடித்தும் செய்தோம். விவரப் பட்டியலில் பிராக்சிமிட்டி என்ற வார்த்தைக்கு முன்னால் 'விர்ச்சுவல்' (தனி சென்சார் இல்லாமல் மென்பொருளே ஊகிப்பது) என்று எதுவும் இல்லை என்பதையும் பார்த்தோம். ஐந்தாறு ஆப்களை வரிசையாகத் திறந்து, முதலில் திறந்ததற்குத் திரும்பிப் போனோம். விட்ட இடத்திலேயே நின்றது, மறுபடி முதலிலிருந்து ஏறவில்லை. பேட்டரி மாற்றித் தருவார்களா, பார்ட் கிடைக்குமா என்று கேட்டோம். கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். வாங்கிய அன்றே எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள், சின்ன உறுத்தல் இருந்தாலும் திருப்பித் தரும் கெடுவுக்குள் சொல்லிவிடுங்கள், பழகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்று போன் வாங்கியவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

என் போனை வீசிவிட முடியாதே. முடிந்த வரை அதைத் தேற்றினேன். பூட்டுத் திரை விளம்பரத்தை அமைப்புகளில் தேடி நிறுத்தினேன். நீக்க முடிந்த ஆப்களை நீக்கினேன், முடியாதவற்றை முடக்கி வைத்தேன். கடன் வாங்கிய அந்த 4 ஜிபி ராமை அணைத்ததும் உறைவது கொஞ்சம் குறைந்தது. தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவிட்டு, ராத்திரி சார்ஜில் இருக்கும்போது நானே செய்கிறேன். கால் பேசும்போது, இணைப்புக் கிடைத்ததும் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் திரை அணைந்து பூட்டிக்கொள்கிறது. பவர் பொத்தானால் கால் துண்டிக்கப்படும் என்ற அமைப்பு அணைந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே தொல்லை இருக்கிறவர்கள் செய்து பாருங்கள், ஓரளவு கைகொடுக்கும்.

ஆனாலும் அக்காவோடு பேசும்போது எனக்கு நிம்மதி இல்லை. ஒவ்வொரு தடவையும் நடுவில் "கேக்குதா?" என்று நானே கேட்க ஆரம்பித்திருந்தேன். ஒருநாள் அலமாரியில் கிடந்த பழைய போனை எடுத்துக்கொண்டு ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்குப் போனேன். சார்ஜர் பின் லூஸ் என்றேன். அவர் போனை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்து, மெல்லிய மரக்குச்சியால் சார்ஜிங் ஓட்டைக்குள் மெதுவாகச் சுரண்டினார். சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை ஒன்று வெளியே வந்தது. 6 வருடம் சட்டைப் பையிலும் பேன்ட் பையிலும் சேர்ந்து இறுகியது. சார்ஜரைச் செருகினார், 'டக்'கென்று உட்கார்ந்தது. பேட்டரியையும் மாற்றச் சொன்னேன். லித்தியம் அயான் பேட்டரிகள் எப்படியும் தேய்பவைதான். ஐபோன் 15 முதல் வந்த மாடல்களுக்கே 1000 முழு சார்ஜ் சுற்று வரைதான் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. தினம் தினம் சார்ஜ் போட்டு 6 வருடம் ஓட்டிய பேட்டரியிடம் அதற்குமேல் நான் என்ன எதிர்பார்க்க முடியும்? போன் போய்விட்டது என்று நான் நினைத்ததெல்லாம் ஒரு பேட்டரியும் கொஞ்சம் பஞ்சும்தான்.

பழைய போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று வெகுநாள் ஆகிறது. அதனால் பணம் சம்பந்தப்பட்ட ஆப் எதையும் அதில் வைக்கவில்லை. அவை புதிய போனில் இருக்கின்றன. சிம்மை மட்டும் பழையதற்கு மாற்றினேன்.

கடை வாசலில் நின்றே அக்காவைக் கூப்பிட்டேன். காதுக்குக் கொண்டுபோகும்போதே திரை அணைந்தது. அடுத்த பரிசோதனை தேதி, மாத்திரை, தூக்கம் என்று 40 நிமிடம் பேசினாள். "இன்னிக்கு நல்லா கேக்குதே, புது போன் சரியாயிடுச்சா?" என்று நடுவில் கேட்டாள்.

"பழசு அக்கா" என்றேன். "நீ சொல்லு, டாக்டர் என்ன சொன்னாங்க?"